கப்பல் ஏறும் முன் கப்பலைப் படியுங்கள்: மும்பையில் காத்திருக்கும் மாலுமிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சயான் கோலிவாடாவில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ஊரிலிருந்து வந்த பையன்கள் ஆறேழு பேர் ஓர் அறையில் தங்கியிருப்பார்கள். முகங்கள் மாறும், கதை மாறாது. தூத்துக்குடி, ராமநாதபுரம், கன்னியாகுமரி என்று ஏதோ ஒரு கடற்கரையிலிருந்து சிடிசி என்னும் மாலுமி அடையாளப் புத்தகத்தோடு வந்து, "ஜாயினிங் எப்போது வரும்?" என்று செல்பேசியைப் பார்த்துக்கொண்டே மாதங்களைக் கழிப்பவர்கள். போன மழைக்காலத்தில் ஓர் இரவு அவர்களில் ஒருவன் மாடியேறி வந்தான். "அண்ணே, கப்பல் கிடைத்துவிட்டது. ஷார்ஜா போய் ஏற வேண்டும். நாளைக்குள் ஒன்றரை லட்சம் கட்டச் சொல்கிறார்கள்" என்றான். கப்பலின் பெயர் என்ன என்று கேட்டேன். அது அங்கே போனால்தான் தெரியுமாம்.

பதினெட்டு ஆண்டுகள் ஓஎஸ் (கடைநிலை மாலுமி), ஏபி (தேர்ந்த மாலுமி), போசன் (டெக் மாலுமிகளின் தலைவன்) என்று டெக்கில் வேலை பார்த்துவிட்டுக் கரையேறியவன் நான். கப்பல் துறையில் விதிகளுக்குப் பஞ்சமே இல்லை. லண்டனில் உட்கார்ந்துகொண்டு சர்வதேசக் கடல்சார் அமைப்பு எழுதித் தள்ளுகிறது. ஜெனிவாவில் தொழிலாளர் அமைப்பு எழுதுகிறது. நம்முடைய காஞ்சூர்மார்க்கில் டிஜி ஷிப்பிங் என்று நாம் அழைக்கும் தலைமை இயக்குநரகம் எழுதுகிறது. ஆனால் எந்தக் காகிதத்தை எப்போது கேட்க வேண்டும் என்று தெரிந்தவனுக்கு மட்டும்தான் அந்த விதி காவல். கேட்க வேண்டியவற்றில் முக்கால்வாசியை விமானம் ஏறும் முன்பே, மும்பையிலேயே, ஒரு பைசா செலவில்லாமல் கேட்டுவிடலாம்.

முதல் படி: ஏஜென்ட்டைச் சோதியுங்கள்

நவி மும்பையின் பெலாபூர் ரயில் நிலையத்தைச் சுற்றி ஒரு நடை போனால் கண்ணில் படும் பெயர்ப்பலகைகளில் எது உண்மை, எது வாடகை மேசை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. இந்தியாவில் மாலுமிகளை வேலைக்கு எடுத்து அனுப்ப ஆர்பிஎஸ்எல் என்னும் உரிமம் வேண்டும். உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியல் டிஜி ஷிப்பிங் இணையதளத்தில் இருக்கிறது. உரிமம் நடப்பில் உள்ளதா, நிறுத்தி வைக்கப்பட்டதா என்பதும் அங்கேயே தெரியும்.

பெயரை மட்டும் பார்த்து நிம்மதியடைந்துவிடாதீர்கள். உரிமம் பெற்ற நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி வைத்துக்கொள்வது பழைய தந்திரம். முகவரியை ஒப்பிடுங்கள். கடிதத்தில் உள்ள எண்ணுக்கு அழைக்காமல், இயக்குநரகத்தின் பட்டியலில் உள்ள எண்ணுக்கு அழைத்து, "இப்படி ஒரு கடிதம் நீங்கள் கொடுத்தீர்களா?" என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலை.

பணம் பற்றிய விதி இன்னும் தெளிவானது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, அதாவது எம்எல்சி 2006, உலக அளவில் 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015-இல் அதை ஏற்றுக்கொண்டது. அதன்படி மாலுமி தன் கையிலிருந்து செலவழிக்க வேண்டியவை மூன்றே மூன்று: சட்டப்படியான மருத்துவச் சான்று, சிடிசி, பாஸ்போர்ட். விசாச் செலவுகூட உங்களுடையது அன்று. 'சர்வீஸ் சார்ஜ்', 'டெபாசிட்', 'கேப்டனுக்குக் கொடுக்க வேண்டும்' என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது விதிமீறல். நானும் என் முதல் கப்பலுக்குப் பணம் கட்டித்தான் போனேன். அம்மாவின் இரண்டு வளையல்கள். அந்த ஏஜென்ட்டின் அலுவலகம் நான் திரும்பி வந்தபோது சலூனாகியிருந்தது. அதனால் இதை உயரத்தில் நின்றுகொண்டு சொல்லவில்லை.

இன்னோர் அடையாளம், டூரிஸ்ட் விசா. 'முதலில் சுற்றுலா விசாவில் போய்விடுங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்றால் பெட்டியைத் திரும்பப் பிரித்துவிடுங்கள். அப்படிப் போய் ஏறுகிறவனுடைய கடற்பணி டிஜி ஷிப்பிங் கணினியில் ஏறாது. ஆறு மாதம் உழைத்தாலும் அடுத்த தேர்வுக்கு அது கணக்கில் வராது. சிக்கல் வந்தால் 'இவரை அனுப்பியது நாங்கள்தான்' என்று சொல்ல இங்கே ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

இரண்டாம் படி: ஏழு இலக்கம்

கப்பலின் பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பெயர் மாறும், கொடி மாறும், உரிமையாளர் மாறுவார். மாறாதது, சர்வதேசக் கடல்சார் அமைப்பின் பெயரால் வழங்கும் ஐஎம்ஓ எண் ஒன்றுதான். ஏழு இலக்கம் கொண்ட இந்த எண் கட்டும்போது ஒட்டிக்கொண்டால் உடைக்கும் நாள் வரை அந்தக் கப்பலைவிட்டுப் போகாது. 1987-இல் வந்த முறை. 1996 முதல் கட்டாயம். ஏஜென்ட் இந்த எண்ணைத் தர மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

எண் கிடைத்ததும் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால், வரும் தொகையின் கடைசி இலக்கம்தான் எண்ணின் ஏழாம் இலக்கம். 9074729 என்று வைத்துக்கொள்வோம். 9×7 = 63, 0×6 = 0, 7×5 = 35, 4×4 = 16, 7×3 = 21, 2×2 = 4. கூட்டினால் 139. கடைசி இலக்கம் 9. எண்ணின் கடைசியும் 9. சரி. இதையே யாராவது 9074792 என்று எழுதித் தந்தால் கூட்டுத்தொகை 153 வரும். 3 எங்கே, 2 எங்கே? தட்டச்சுப் பிழையோ கற்பனையோ, அந்தத் தாளை அப்படியே நம்பக்கூடாது என்று தெரிந்துவிடும்.

கணக்குச் சரியாக வந்தால் எண்ணின் அமைப்பில் பிழையில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது அந்தக் கப்பலின் எண்தான் என்றோ, கப்பல் நல்லது என்றோ அதற்குப் பொருளில்லை. அதற்கு ஈக்வாசிஸ் இணையதளத்துக்குப் போக வேண்டும். ஐரோப்பிய ஆணையமும் பிரெஞ்சுக் கடல்சார் நிர்வாகமும் சேர்ந்து 2000-இல் தொடங்கிய இலவசத் தளம் இது. பெயர் பதிந்து உள்ளே போய் எண்ணைத் தட்டினால் கப்பலின் வயது, இப்போதைய கொடி, பழைய பெயர்கள், நிர்வகிக்கும் கம்பெனி, எந்தத் துறைமுகத்தில் என்ன குறைக்காகப் பிடித்து வைத்தார்கள் என்பதெல்லாம் வரும். நான் இந்த வரிசையில்தான் பார்ப்பேன்: பிடித்து வைக்கப்பட்ட வரலாறு, கொடி எத்தனை முறை மாறியது, கம்பெனியின் மற்ற கப்பல்கள் எப்படி. இரண்டு மூன்று ஆண்டுகளில் மூன்று பெயரும் மூன்று கொடியும் மாற்றிய முப்பது வயதுக் கப்பல் எதையோ விட்டு ஓடிக்கொண்டிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: கொடி, கிளாஸ், காப்பீடு

கப்பல் எந்த நாட்டுக் கொடியைப் பறக்கவிடுகிறதோ அந்த நாட்டுச் சட்டம்தான் டெக்கில் நடக்கும். லைபீரியா, பனாமா, மார்ஷல் தீவுகள் ஆகிய மூன்றும்தான் உலகின் மிகப் பெரிய பதிவேடுகள். மார்ஷல் தீவுகளின் கப்பல் பதிவேட்டை நடத்துவது அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள ஓர் அலுவலகம் என்று சொன்னால் ஊரில் நம்ப மாட்டார்கள். உரிமையாளர் சொந்த நாட்டை விட்டு வசதிக்காக வேறு நாட்டில் பதியும் வசதிக் கொடி என்பதாலேயே கப்பல் மோசம் என்று சொல்லிவிட முடியாது. நன்றாக நடக்கும் கப்பல்கள் அவற்றில் நிறைய. துறைமுகங்களில் வெளிநாட்டுக் கப்பல்களைச் சோதிக்கக் கைகோத்த பாரிஸ் உடன்பாட்டு நாடுகள் தங்கள் சோதனைகளை வைத்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று கொடிகளைப் பிரித்து வெளியிடும் பட்டியலைப் பாருங்கள். கறுப்பில் இருக்கும் கொடி என்றால் தயங்குங்கள். எந்தப் பட்டியலிலும் காணாத கொடி என்றால் இன்னும் தயங்குங்கள். நம் பக்கத்துக் கடலுக்கு 1998-இல் உருவான, இதே போன்ற இந்தியப் பெருங்கடல் உடன்பாடு உண்டு. அதன் செயலகம் கோவாவில்.

கிளாஸ் என்பது கப்பலின் உடலுக்குச் சான்று தரும் நிறுவனம். பவாயில் தலைமையகம் கொண்ட இந்தியக் கப்பல் பதிவகம் அப்படி ஒன்று. உலகின் பெரிய கிளாஸ் நிறுவனங்கள் சேர்ந்த கூட்டமைப்பில் உங்கள் கப்பலின் கிளாஸ் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். காப்பீட்டுக்கும் இப்படியே: கப்பல் உரிமையாளர்கள் சேர்ந்து நடத்தும் பெரிய பி அண்ட் ஐ காப்பீட்டு கிளப்புகள் ஒரு குழுவாக இயங்கி உலகக் கப்பல் டன் எடையில் ஏறத்தாழ 90 விழுக்காட்டைக் காப்பு செய்கின்றன. வெளியே உள்ள ஏதோ ஒரு பெயர் என்றால், கை போனாலும் கால் போனாலும் யாரிடம் கேட்பது என்ற கேள்வி இப்போதே எழ வேண்டும்.

நான்காம் படி: ஒப்பந்தம்

விமான நிலையத்தில் வைத்துக் கையெழுத்து வாங்குவார்கள், வாங்க விடாதீர்கள். படித்துப் பார்க்கவும் ஆலோசனை கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. சம்பளம், பதவி, முதலாளியின் பெயர், காலம், வீடு திரும்பும் செலவு யாருடையது என்ற ஐந்தையும் விரலால் தொட்டுப் பாருங்கள். ஏபிக்கு சர்வதேசக் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 2026 ஜனவரி முதல் மாதம் 690 டாலர். ஓவர்டைம் இதற்கு மேல். தொடர்ச்சியாகப் பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ கப்பலில் வைத்திருக்கக் கூடாது. 'அங்கே போனதும் வேறொரு ஒப்பந்தம் தருவார்கள்' என்றால் கையில் இருப்பது ஒப்பந்தமே இல்லை.

ஐந்தாம் படி: ஏறிய முதல் நாள்

பையை கேபினில் வைத்ததும் தூக்கம்தான் வரும். தூங்கும் முன் அரை மணி நேரம் கொடுங்கள். ஆபத்து நேரத்தில் யாருக்கு என்ன வேலை என்று சொல்லும் மஸ்டர் லிஸ்டில் உங்கள் பெயருக்கு நேரே எந்த உயிர்ப்படகு, தீப்பிடித்தால் எந்தக் குழு என்று பாருங்கள். ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி கேட்டால் எந்த வழியாக ஓடுவது என்று ஒருமுறை நடந்தே பாருங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கைப்பிடியைத் தடவியபடி இன்னொரு முறை. புகை சூழ்ந்த நடைபாதையில் கண் வேலை செய்யாது.

அறிவிப்புப் பலகையில் இரண்டு தாள்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, மாலுமி கைவிடப்பட்டால் யார் பொறுப்பு என்று காட்டும் காப்பீட்டுச் சான்று. 2017 ஜனவரி முதல் எம்எல்சி கப்பல்களில் இது கண்ணில் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். தொடர்பு விவரமும் அதிலேயே இருக்கும். இன்னொன்று, டிபிஏ எனப்படும் கரையில் உள்ள பொறுப்பாளரின் பெயரும் எண்ணும்.

இந்த டிபிஏ வந்த கதை தெரிந்தால் அந்த எண்ணுக்கு மதிப்புக் கூடும். 1987 மார்ச்சில் பெல்ஜியத்தின் ஸீபுரூக் துறைமுகத்திலிருந்து கிளம்பிய ஹெரால்டு ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ் என்ற பயணிக் கப்பல், முன்பக்கக் கதவை மூடாமலேயே புறப்பட்டுச் சில நிமிடங்களில் கவிழ்ந்தது. 193 பேர் இறந்தார்கள். கதவை மூட வேண்டிய உதவி போசன் கேபினில் தூங்கிக்கொண்டிருந்தார். கதவு மூடியிருக்கிறதா என்று காட்ட, கப்பலை ஓட்டும் மேல்தளமான பிரிட்ஜில் ஒரு விளக்கு வையுங்கள் என்று கேப்டன்கள் முன்பே கேட்டிருந்தார்கள். கம்பெனி காதில் போட்டுக்கொள்ளவில்லை. கப்பலின் குரல் மேலிடத்துக்கு நேராகப் போக வேண்டும் என்பதற்காகத்தான் பிறகு வந்த, பாதுகாப்பு நிர்வாகத்துக்கான ஐஎஸ்எம் விதித்தொகுப்பு டிபிஏ என்ற பதவியை வைத்தது. ஒரு போசனாக இருந்தவன் என்பதால், தூங்கிப்போன அந்த மனிதரை என்னால் எளிதில் திட்ட முடிவதில்லை.

படகு இறக்கும் பயிற்சி ஒவ்வொரு மாதமும் நடக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை படகு தண்ணீரில் இறங்கி ஓட வேண்டும். உயிர்காக்கும் படகே பயிற்சியின்போது கொக்கி கழன்று விழுந்து ஆளைக் கொன்றதும் உண்டு. ஏறும் முன் கொக்கி சரியாகப் பூட்டியிருக்கிறதா, தடுப்புப் பட்டை மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கேட்டால் யாரும் கோபிக்கமாட்டார்கள். கோபித்தால் அந்தப் படகில் ஏறாதீர்கள்.

ஆறாம் படி: மூடிய அறை

இந்தப் பகுதியை மட்டும் படித்தாலும் போதும் என்பேன்.

ஊரில் பாழுங்கிணற்றில் தூர் வார இறங்கியவர் மயங்கி விழ, காப்பாற்றப் போன தம்பி விழ, அவரைத் தூக்கப் போன பக்கத்து வீட்டுக்காரர் விழ, மூன்று பாடையாய் வந்த செய்தியை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். கப்பலிலும் அதே கிணறு இருக்கிறது, பெயர்தான் வேறு. கப்பலைச் சமநிலையில் வைக்கத் தண்ணீர் நிரப்பும் பாலஸ்ட் டாங்கி, நங்கூரச் சங்கிலி அறை, சரக்கு அறைக்கு இறங்கும் ஏணிப் பாதை. இரும்பு துருப்பிடிக்கும்போது காற்றில் உள்ள ஆக்சிஜனைத் தின்கிறது. நிலக்கரி, மரக்கட்டை, இரும்புக் கழிவு ஆகிய சரக்குகளும் தின்கின்றன. வெளியே 21 விழுக்காடு இருக்கும் ஆக்சிஜன் உள்ளே 10-க்குக் கீழே போயிருந்தால், மயக்கம் வருகிறது என்று தெரிவதற்குள் கால் மடங்கிவிடும். மணமில்லை, நிறமில்லை. கிணற்றில் அரிக்கேன் விளக்கை இறக்கிப் பார்த்த நம் பெரியவர்களின் புத்தி சரியானதுதான். ஆனால் கப்பலில் தீயைக் கொண்டு போகவே கூடாது, அதற்கு மீட்டர் இருக்கிறது.

அனுமதிச் சீட்டு இல்லாமல், காற்றோட்டம் கொடுக்காமல், மேலே நடுவே அடியே என்று மூன்று உயரத்திலும் மீட்டர் வைத்துப் பார்க்காமல், வாசலில் ஓர் ஆள் நிற்காமல் இறங்காதீர்கள். கழுத்தில் மாட்டும் சாதாரண வடிகட்டி முகமூடி ஆக்சிஜனை உண்டாக்காது. தப்பிக்க வைத்திருக்கும் சிறிய சுவாசப் பை உள்ளே போவதற்கானது அன்று, வெளியே ஓடுவதற்கானது.

பிரேசில் பக்கம் ஒரு பல்க் கப்பலில் நான் ஏபியாக இருந்தேன். ஏணிப் பாதையின் மூடியைத் திறந்ததும் ஒரு புதுப் பையன் விழுந்த கையுறையை எடுக்க இரண்டு படி இறங்கினான். போசன் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்த வேகத்தில் பித்தான்கள் தெறித்தன. பிறகு மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினோம். கையுறை கிடந்த இடத்துக்குப் போகும் முன்பே அது அலறத் தொடங்கிவிட்டது. போசன் ஒன்றும் பேசவில்லை. பையனிடம் ஊசி நூலைக் கொடுத்துப் பித்தானைத் தைக்கச் சொன்னார்.

உள்ளே ஒருவன் விழுந்து கிடந்தால் நீங்கள் இறங்கக் கூடாது. அலாரம் அடியுங்கள். சுவாசக் கருவி மாட்டிய குழு வரட்டும். இந்த மீட்புப் பயிற்சியை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நடத்த வேண்டும் என்பது 2015 முதல் கட்டாயம். பதிவேட்டில் மட்டும் நடந்த பயிற்சிகளை நானும் பார்த்திருக்கிறேன்.

ஏழாம் படி: ஓய்வு நேரமும் பொய்க் கையெழுத்தும்

எந்த 24 மணி நேரத்திலும் 10 மணி நேர ஓய்வு. ஏழு நாளில் 77 மணி. அந்தப் பத்தை இரண்டு துண்டுக்கு மேல் உடைக்கக் கூடாது. ஒரு துண்டு குறைந்தது ஆறு மணியாக இருக்க வேண்டும். விதி இது. நடப்பது என்ன என்றால், துறைமுகத்தில் இரவு முழுக்க வேலை பார்த்தவனிடம் மாதக் கடைசியில் எல்லாக் கட்டமும் அழகாக நிரப்பிய தாள் கையெழுத்துக்கு வரும். கையெழுத்திட்டால் ஓவர்டைமும் போயிற்று, விபத்து நடந்தால் 'இவர் நன்றாகத் தூங்கியவர்' என்ற சாட்சியும் நீங்களே கொடுத்ததாயிற்று. புதிதாக ஏறியவன் முதல் மாதமே சண்டை போடு என்று நான் சொல்லமாட்டேன், நடைமுறை தெரியும். ஆனால் சொந்த நோட்டு ஒன்றில் தினமும் உண்மையான நேரத்தை எழுதி வையுங்கள். துறைமுக ஆய்வாளர் கேட்டால் அது பேசும்.

என்ஜின் அறைப் பையன்களுக்கு ஒரு சொல். எண்ணெய்க் கழிவு நீரைப் பிரிக்கும் கருவி வழியாக, எண்ணெய் 15 பிபிஎம் (பத்து லட்சத்தில் 15 பங்கு) அளவுக்குள் வந்த நீரைத்தான் கடலில் விடலாம். கருவியைத் தவிர்த்துக் கழிவு நேராகக் கடலுக்குப் போக ஒரு குழாய் போடச் சொன்னால் போடாதீர்கள். அமெரிக்காவில் இதற்காகப் பொறியாளர்கள் சிறைக்கே போயிருக்கிறார்கள். தகவல் கொடுத்த மாலுமிக்கு அபராதத் தொகையில் பாதி வரை வெகுமதி தர அந்த நாட்டுச் சட்டத்தில் இடமும் உண்டு.

சரக்கு விஷயத்தில் மும்பைக்காரர்களுக்குப் பாடம் தேவையில்லை. 1944 ஏப்ரல் 14 அன்று விக்டோரியா டாக்கில் ஃபோர்ட் ஸ்டிக்கைன் என்ற கப்பல் வெடித்தது. பஞ்சுப் பொதியையும் வெடிமருந்தையும் ஒரே கப்பலில் அடுக்கியிருந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், தீயணைப்பு வீரர்கள் நினைவாக அந்த நாள்தான் இன்றும் தேசியத் தீயணைப்புச் சேவை நாள். 2025 ஜூனில் கேரளக் கடலுக்கு அப்பால் வான் ஹாய் 503 எரிந்தபோது 22 பேரில் நால்வர் காணாமற்போனார்கள். எந்த கன்டெய்னரில் ஆபத்தான சரக்கு என்ற பட்டியல் கப்பலில் இருக்கும். உங்கள் கேபினுக்கு மேலே என்ன ஏற்றியிருக்கிறார்கள் என்று சீஃப் ஆபீசரிடம் கேளுங்கள்.

எட்டாம் படி: கப்பல் கைவிடப்பட்டால்

2024-இல் மட்டும் 312 கப்பல்கள் கைவிடப்பட்டதாக சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு கணக்கிட்டது. சிக்கியவர்களில் இந்தியர்களே அதிகம். இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டாலோ, உணவு, குடிநீர், எரிபொருள் நின்றாலோ, ஊருக்கு அனுப்பும் செலவை ஏற்க மறுத்தாலோ, அது சட்டப்படி கைவிடுதல். 'அடுத்த வாரம் வரும்' என்ற பேச்சை நான்காம் மாதம் வரை கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். நீங்கள் படம் எடுத்து வைத்த சான்றில் உள்ள காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள். நான்கு மாதம் வரையிலான நிலுவைச் சம்பளமும் வீடு திரும்பும் செலவும் அவர்கள் பொறுப்பு. அதே கடிதத்தின் நகலைக் கொடி நாட்டுக்கும், டிஜி ஷிப்பிங்குக்கும், தொழிற்சங்கத்துக்கும் அனுப்புங்கள். மும்பையில் மாலுமிகள் சங்கமான நுசி இருக்கிறது. அதிகாரிகளுக்கு மாரிடைம் யூனியன் இருக்கிறது. மனம் உடைந்தால் 24 மணி நேரமும் இலவசமாகப் பேச, ஐஸ்வான் என்னும் மாலுமிகள் நல அமைப்பு நடத்தும் சீஃபேரர்ஹெல்ப் உதவி எண் உண்டு.

வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். 'முழுச் சம்பளமும் பெற்றுக்கொண்டேன்' என்ற வரி உள்ள தாளில் பணம் வங்கியில் ஏறும் வரை போடாதீர்கள். மாலுமியின் சம்பளப் பாக்கி கப்பலின் மேலேயே ஏறி நிற்கும் கடன். உரிமையாளர் மாறினாலும் அது கழன்றுவிடாது. இந்தியத் துறைமுகத்தில் கப்பல் நின்றால் 2017-ஆம் ஆண்டின் கடல்சார் வழக்குச் சட்டத்தின்படி பம்பாய் உயர் நீதிமன்றம் போன்ற நீதிமன்றங்கள் கப்பலையே பிடித்து வைக்கலாம். அந்தச் சட்டம் வகுத்த கடல்சார் உரிமைகளின் வரிசையில் மாலுமியின் சம்பளம்தான் முதலில் நிற்கிறது.

இதற்கெல்லாம் கரையில் ஒருவர் கையில் உங்கள் காகிதங்கள் இருக்க வேண்டும். ஒப்பந்தம், சிடிசி, ஏஜென்ட்டின் உரிம எண், கப்பலின் ஏழு இலக்கம் ஆகியவற்றை விமானம் ஏறும் முன் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். நான் போகும்போதெல்லாம் என் மனைவி அந்த எண்ணைத் தினசரிக் காலண்டரின் அட்டையில் பென்சிலால் எழுதி வைப்பாள். கப்பலின் பெயர் அவளுக்கு வாயில் நுழையாது. எண்ணைத் தட்டி, கப்பல் எந்தக் கடலில் நிற்கிறது என்று செல்பேசியில் பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பாள். ஷார்ஜா போகவிருந்த பையன் மறுநாள் ஏஜென்ட்டிடம் அந்த ஏழு இலக்கத்தைத்தான் கேட்டான். அதற்குப் பிறகு ஏஜென்ட் அவனுடைய அழைப்பை எடுக்கவில்லை. நான்கு மாதம் கழித்து வேறொரு கம்பெனியில் கப்பல் கிடைத்தது. என் சமையலறைக் காலண்டர் அட்டையில் இப்போது அவனுடைய எண் இருக்கிறது.